போனஸ் பணத்தில் ஒரு ரிகார்டு பிளேயர்

நமது சங்கத்துக் குடும்பத்தினர் சிலர் அண்மைக் காலமாக நம்மை வழியில் நிறுத்தி ஒரே வினாவை வினவி வருகின்றனர். "வீட்டில் ஒரு ரிகார்டு பிளேயர் வாங்கி வைக்க ஆசை; கையிலிருப்பதோ கொஞ்சம் பணம்; எதை வாங்கலாம்?" என்பதே அது. நாம் இத்துறையில் பண்டிதரல்லோம். பத்தாம் வகுப்பில் தேறி, ரயில்வே அலுவலகமொன்றில் கோப்புகளைப் புரட்டிக் காலங்கழிக்கும் குமாஸ்தாவே. ஆயினும், ஆறேழு ஆண்டுகளாக மும்பைச் சோர் பஜாரில் ஓய்வு நாட்களைச் செலவிட்டும், அன்பர் இல்லங்களில் பழைய பெட்டிகளைத் திறந்து பார்த்தும் சிறிது அனுபவம் சேர்ந்துள்ளது. அதனை இங்கே எழுதுகிறோம்.

எதை வாங்கலாமென்று கேட்போரிடம் நாம் திருப்பிக் கேட்பது ஒன்றுண்டு: "உங்கள் வீட்டில் என்னென்ன தட்டுகள் இருக்கின்றன?" பெரும்பாலோர் இதற்கு விடை கூற இயலாது விழிப்பர். பரணில் ஒரு தகரப் பெட்டி உண்டு, தகப்பனார் காலத்தது, ஊரிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது என்பதோடு நின்றுவிடும். அந்தப் பெட்டியை இறக்கிப் பார்க்காமல் கடைக்குச் செல்வது, பயணச் சீட்டு எடுத்த பிறகு எந்த ஊருக்கென்று யோசிப்பதற்கு ஒப்பாகும்.

இன்னொன்றும் உண்டு. மாதுங்கா, செம்பூர், டோம்பிவிலி முதலிய இடங்களில் பழைய கட்டடங்களை இடித்து அடுக்கு மாளிகைகள் எழுப்பி வருகின்றனர். வீடு மாறும்போது முதலில் வெளியே போவது பரண் சாமான்கள். தட்டுப் பெட்டிகள் எடைக்குப் போவதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். "கைப்பேசியில் கிடைக்காத பாட்டும் உண்டோ?" என்பர் இளைஞர். உண்டு. நாடக நடிகர்களின் பாட்டுகள், ஹாஸ்யத் துணுக்குகள், நாகஸ்வரத் தட்டுகள் எனப் பழைய நாளில் வெளியான அனைத்தும் ஒலிநாடாவுக்கும் குறுந்தகட்டுக்கும் மாற்றப்பெற்றன அல்ல. சில பாட்டுகளுக்கு அந்தத் தட்டே மிச்சம். ஆகவே, வாங்கப்போகும் பிளேயர் தட்டைப் பாடவைக்க வேண்டும்; பாடவைக்கும்போதே தேய்த்துக் கெடுத்துவிடவும் கூடாது. எஞ்சிய அலங்காரங்கள் எல்லாம் இதற்குப் பின்னரே.

இனிப் பெட்டியைத் திறப்போம். கனமாகவும், கீழே விழுந்தால் சட்டிபோல் உடைவதாகவும், பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடமே பாடுவதாகவும் இருப்பவை 78 சுற்றுத் தட்டுகள். அதாவது, நிமிடத்துக்கு 78 முறை சுழல்பவை. இவை அரக்கைச் சேர்த்துச் செய்யப்பட்டவை. நம் நாட்டில் 1960களின் இறுதி வரையிலும் இவை விற்பனையில் இருந்தன. வளைந்து கொடுப்பவை, பெரியவை, பக்கத்துக்கு இருபது நிமிடமும் அதற்கு மேலும் பாடுபவை எல்.பி. தட்டுகள், இவை வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை, நிமிடத்துக்கு 33⅓ சுற்று. அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 1948இல் இவற்றை வெளியிட்டது. மறு ஆண்டே ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 45 சுற்றுச் சிறு தட்டைக் கொணர்ந்தது. சினிமாப் பாட்டுகள் நம் இல்லங்களுக்கு வந்தவற்றுள் இச்சிறு தட்டுகளும் பல. எம். எஸ். சுப்புலட்சுமி அவர்களின் வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் வந்த எல்.பி.; பரண் பெட்டிகளில் நாம் அடிக்கடி காண்பது அதுவே.

இம்மூன்றுக்கும் வேகம் மட்டுமே வேறுபாடு என்று பலர் எண்ணுகின்றனர். அதனைவிடப் பெரிய வேறுபாடு ஊசி ஓடும் பள்ளத்தில் இருக்கிறது. ரயில்வேக்காரர்க்கு இது எளிதில் விளங்கும். 78 தட்டு அகலப் பாதை, எல்.பி. மீட்டர் பாதை. ஒன்றின் சக்கரம் மற்றொன்றில் ஓடாது. எல்.பி.யை ஸ்டீரியோவில் பாடும் ஊசியின் நுனி வளைவு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. 78 தட்டுக்கு வேண்டியதோ ஆயிரத்தில் மூன்று பங்கு. அதாவது, நான்கு மடங்குக்கும் மேல். மெல்லிய ஊசியை அகலப் பள்ளத்தில் இட்டால் அது பாட்டு எழுதப்பட்டுள்ள சுவர்களைத் தொடாமல், தூசியும் துருவலும் கிடக்கும் அடித்தரையில் உருண்டு செல்லும். தடித்த ஊசியை எல்.பி.யில் இட்டால் பள்ளத்தின் மேல்விளிம்பை நசுக்கும்.

செம்பூரில் ஓர் அம்மையார் இல்லத்தில் இதனை நேரே கண்டோம். மாமனார் காலத்து 78 தட்டுகள் நாற்பது வரை அங்கே இருந்தன. பேரன் ஆசையோடு, சூட்கேஸ் போன்று மூடிவைக்கும் அழகிய பிளேயர் ஒன்றை வாங்கி வந்திருந்தான். மூன்று வேகமும் அதில் உண்டு என்று பெட்டியில் எழுதியிருந்தது, அதுவும் உண்மையே. ஆனால் ஊசி ஒன்றுதான், அதுவும் எல்.பி.க்கு உரியது. "பாட்டி, தட்டிலே பாட்டே இல்லை; அப்பளம் பொரிக்கிற சத்தந்தான் வருது" என்றான் பேரன். அம்மையார் மறுநாள் பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிடுவதாக இருந்தார். அன்பர் ஒருவரிடம், ஒரு பக்கம் 78க்கும் மறுபக்கம் எல்.பி.க்குமாகத் திருப்பிவிடும் ஊசியுள்ள பழைய பிளேயர் இருந்தது. அதனைக் கொணர்ந்து அதே தட்டை வைத்தோம். 1933இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல் கணீரென்று எழுந்தது. இரைச்சல் இருந்தது, ஆனால் அது குரலுக்குப் பின்னே நின்றது. அம்மையார் சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு வந்து நின்றவர், தட்டு முடியும்வரை அசையவில்லை. பெட்டி இன்றும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.

எனவே சூட்கேஸ் பிளேயர்களைப் பற்றி நமது கருத்தை ஒளிக்காமல் கூறுகிறோம். விலை குறைவு, தோற்றம் அழகு, ஒலிபெருக்கியும் உள்ளேயே உண்டு. ஆயினும், முதற் பிளேயராக அதனை வாங்க வேண்டாம். இவ்வகையில் பலவற்றில் செராமிக் கார்ட்ரிட்ஜும் நீலமணி ஊசியும் இருக்கும். ஊசி தட்டின்மேல் ஐந்தாறு கிராம் பாரத்தோடு அழுத்தும். அந்தப் பாரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. நீலமணி வைரத்தைவிட வெகு விரைவில் தேயும். தேய்ந்த ஊசி தட்டுக்கு உளி. மேலும், பாடும் ஒலிபெருக்கியின் அதிர்வு அதே பெட்டியிலுள்ள ஊசிக்கும் செல்கிறது. விளையாட்டாகக் கேட்பதற்கு வாங்குவோரை நாம் தடுக்கவில்லை. தகப்பனார் தட்டை அதில் வைக்க வேண்டாமென்பதே நமது வேண்டுகோள். இன்னொன்றையும் இங்கேயே கூறிவிடுகிறோம். சாவி கொடுத்துச் சுழற்றும் பழைய கிராமபோன் வீட்டிலிருந்தால், அதில் எல்.பி.யை ஒரு முறைகூட வைத்தலாகாது. அதன் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கும் மேலான பாரத்தோடு எஃகு ஊசியை அழுத்தும். ஒரே பாட்டில் தட்டு பாழாகிவிடும்.

இனிப் பணம். நம்மைப் போன்ற ரயில்வேக் குடும்பங்களுக்குக் கைச்செலவு போக இப்படியொரு பொருளுக்கென்று பணம் வருவது ஆண்டுக்கொருமுறை, பூஜைக்கு முன் வரும் போனஸில்தான். 2024இல் அது 78 நாள் ஊதியமென்று அறிவிக்கப்பட்டது, உச்சவரம்பு ரூ. 17,951. 78 என்னும் எண் தட்டுக்கும் போனஸுக்கும் பொருந்தி வந்தது கண்டு நமது அலுவலகத்தில் சிரித்துக்கொண்டோம். வீட்டு அம்மையார்களும் பிள்ளைகளும் அதில் தம் பங்கைக் கேளாமல் இரார் என்பது வேறு. ஆயினும், அதனையே அளவுகோலாகக் கொள்வோம்.

பெட்டியில் எல்.பி.யும் 45 தட்டும் மட்டுமே இருக்குமாயின் வழி எளிது. புதிதாக வாங்குவோர்க்கு, ரப்பர் வாரால் சுழலும் தானியங்கிப் பிளேயர்கள் கிடைக்கின்றன. பொத்தானை அழுத்தினால் கை தானே சென்று தட்டில் இறங்கும். முடிந்ததும் தானே எழும். ஜப்பானிய ஆடியோ-டெக்னிகா நிறுவனத்தின் எல்.பி.60எக்ஸ் என்பது இவ்வகையில் பெயர்பெற்றது. வைர ஊசி, மாற்றிக்கொள்ளலாம். பாரத்தை ஆலையிலேயே அமைத்து அனுப்புகின்றனர். மூன்று கிராமை ஒட்டியிருக்கும். வீட்டில் சிறுவர்கள் உண்டெனில் தானியங்கியே மேல். இவ்வகை பத்தாயிரத்துக்கு மேலும் இருபதாயிரத்துக்குள்ளும் அமையும். விலை மாதந்தோறும் மாறுவதால் சரியான தொகையைக் கடையில்தான் கேட்க வேண்டும்.

பெட்டியில் 78 தட்டுகள் இருப்பின் இது உதவாது. இதில் 33⅓, 45 ஆகிய இரண்டு வேகங்களே உண்டு. அத்தகையோர்க்கு வேண்டியது மூன்று வேகமும், ஊசியை மாற்றும் வசதியும், பாரத்தைத் திருகி அமைக்கும் எதிரெடையும் உள்ள பிளேயர். அதே நிறுவனத்தின் எல்.பி.120எக்ஸ் இவ்வகை, மோட்டாரே தட்டை நேரே சுழற்றும். அதிலுள்ள கார்ட்ரிட்ஜின் உடலை அப்படியே வைத்துக்கொண்டு, எல்.பி. ஊசியை உருவிவிட்டு 78 ஊசியைச் செருகலாம். எல்.பி.க்கு இரண்டு கிராம் பாரம். 78க்கு ஐந்து கிராம். ஊசியை மாற்றும்தோறும் பாரத்தையும் மாற்ற வேண்டும். இதன் விலை ஒரு போனஸில் அடங்காது. இரண்டு போனஸ் வேண்டும்.

அப்படியாயின் என் செய்வது? காத்திருக்கலாம் என்பதே நமது துணிபு. ஐம்பது, அறுபது ஆண்டு பரணில் இருந்த தட்டுக்கு இன்னும் ஓராண்டு பெரிதன்று. அவசரத்துக்கு ஆறாயிரத்தில் ஒன்று, பிறகு மனம் சலித்து இன்னொன்று என்று வாங்கினோர் மொத்தத்தில் அதிகமே செலவிட்டனர், தட்டுகளும் தேய்ந்தன. காத்திருக்க மனமில்லாதோர் பழைய சரக்கைப் பார்க்கலாம்.

அதற்கு மும்பையில் சோர் பஜார், கல்கத்தாவில் ஃப்ரீ ஸ்கூல் தெரு. (சென்னை மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாயிற்று, அதனைப் பார்த்திருந்த பெரியோர் இன்றும் அதனைச் சொல்லி ஏங்குவர்.) பளபளக்கும் பித்தளைப் புனல் வைத்த கிராமபோன்களைத் தாண்டிச் செல்லுங்கள்; அவற்றுள் பல அண்மையில் அலங்காரத்துக்காகச் செய்யப்பட்டவை. கேரார்டு முதலிய பழைய யந்திரங்கள் பொருத்திய எச்.எம்.வி. பெட்டிகள் ஆங்காங்கே கிடைக்கும். தட்டை எடுத்து அடியிலுள்ள ரப்பர்ச் சக்கரத்தைப் பாருங்கள். கல்போல் இறுகியிருந்தாலும், விளிம்பில் பள்ளம் விழுந்திருந்தாலும் பாட்டோடு 'கடகட'வென்னும் ஒலியும் சேர்ந்து வரும். ஊசிக் கையை மெல்ல அசைத்துப் பாருங்கள். மூட்டில் ஆட்டம் கூடாது. அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு ஊசி இன்றும் கிடைக்கிறதா என்று கைப்பேசியில் தேடிப் பார்த்த பின்னரே விலை பேசுக. ஊசி கிடைக்காத பிளேயர், சக்கரம் கிடைக்காத வண்டி. இன்றியமையாத ஒன்று: வீட்டிலிருந்து உயர்வில்லாத தட்டு ஒன்றை எடுத்துச் சென்று அங்கேயே போட்டுக் கேளுங்கள். முன்பின் அறியாத ஊசியின் கீழ் நல்ல தட்டை வைக்க வேண்டாம்.

வேகத்தைச் சோதிக்கக் கருவி வேண்டாம். தட்டின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டைச் செருகி, கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் எண்ணுங்கள். 33⅓ வேகத்தில் சரியாக 100 சுற்று வர வேண்டும், 45இல் 135. 78க்கு ஒரு நிமிடம் எண்ணினாலே போதும். கடைக்காரர் நகைப்பார்; நகைக்கட்டும். கர்நாடக இசை கேட்போர்க்கு இது சிறு காரியமன்று. நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் குறைந்தால் சுருதி அரைக் கட்டை அளவுக்கு இறங்கிவிடும்.

இங்கே வெளிநாட்டு உறவினரைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவிலுள்ள மைத்துனர் தாம் பயன்படுத்திய பழைய பிளேயரை அன்போடு அனுப்புவார். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் சரியாகாது. பழைய மாறுமின் மோட்டார்களின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்ததாகையால், 33⅓ சுற்ற வேண்டியது ஏறக்குறைய 28தான் சுற்றும். ஐந்து கட்டையில் பாடிய வித்துவான் மூன்று கட்டையில், தூக்கக் கலக்கத்தோடு பாடுவார்! சில மாதிரிகளுக்கு 50 ஹெர்ட்ஸுக்குரிய கப்பி தனியே கிடைக்கும். புதிய பிளேயர்களில் பல சிறு அடாப்டரால் நேர்மின்சாரத்தில் ஓடுபவை. அவற்றுக்கு இத்தொல்லை இல்லை. அனுப்பச் சொல்லுமுன் பின்புறத் தகட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்வது நலம்.

ஒலிபெருக்கியைப் பற்றி அதிகம் எழுத வேண்டுவதில்லை. வீட்டில் பழைய ஆடியோ சிஸ்டம் இருந்து, அதில் ஆக்ஸ் துளையும் இருந்தால் முதலாண்டுக்கு அதுவே போதும். ஒன்று மட்டும் அறிந்துகொள்க. காந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மின்னழுத்தம் மிக நுண்ணியது, சில மில்லிவோல்ட்டே. தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்தும் உயர்ந்த ஒலியைக் கூட்டியும் பதிக்கின்றனர். இதற்கான பொது விதி 1954இல் ஏற்பட்டது. பாடும்போது அதனை நேராக்கிப் பெருக்கும் சிறு கருவியே ஃபோனோ ப்ரீ-ஆம்ப். மேலே கூறிய பிளேயர்களில் அது உள்ளேயே உண்டு. பின்புறம் ஒரு விசையும் உண்டு. உங்கள் சிஸ்டத்தில் ஃபோனோ என்று எழுதிய துளை இருந்து அதில் செருகினால், பிளேயரிலுள்ளதை அணைத்துவிட வேண்டும். இரண்டும் இயங்கினால் உறுமும். இரண்டும் இல்லையேல் கொசுவின் குரல்போல் கேட்கும். தட்டுகள் பெரும்பாலும் 78ஆக இருப்பின், ஸ்டீரியோ ஒலிபெருக்கி இரண்டுக்குப் பெரும்பணம் செலவிடுவது வீண். அவை ஒற்றை ஒலித் தட்டுகள். இரண்டிலும் ஒரே பாட்டுத்தான் வரும். ஸ்டீரியோ எல்.பி.கள் உலகச் சந்தைக்கே 1957, 1958 ஆண்டுகளில்தான் வந்தன.

மிச்சம் வைக்க வேண்டிய பணம் ஊசிக்கு. வைர ஊசியும் தேயும். ஏறக்குறைய 500 மணி நேரத்துக்கொருமுறை மாற்றுவதெனக் கொண்டால், நாளொன்றுக்கு ஒரு மணி கேட்கும் குடும்பத்துக்கு ஓர் ஊசி ஒன்றேகால் ஆண்டுக்கு மேல் வரும். அடுத்து, கார்பன் நாரால் ஆன தூரிகை ஒன்று. எல்.பி.யைக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி மென்சோப்புக் கலந்து மிருதுவான துணியால், பள்ளங்களின் போக்கிலேயே துடைக்கலாம். ஆனால் அரக்குத் தட்டில் ஸ்பிரிட் மட்டும் படவே கூடாது. மரத்துக்கு மெருகு போடுவோர் அரக்கை எதில் கரைக்கின்றனர் என்பதை எண்ணிப் பாருங்கள்! மூலைக் கடையில் விற்கும் கண்ணாடித் துடைப்பு நீர்களிலும் ஸ்பிரிட் இருக்கக்கூடும். ஆகவே அவையும் வேண்டாம்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் தண்டவாளத்தை ஒட்டி வாழ்வோர்க்கு மற்றொரு கவலையும் உண்டு. விரைவு வண்டி செல்லும்போது தரை அதிர்ந்து ஊசி துள்ளும். மேசைமேல் வைக்காது, உறுதியான சுவரில் தாங்கிகள் அடித்துப் பலகையிட்டு அதன்மேல் பிளேயரை வைத்தால் பெரும்பகுதி தீரும். ஒலிபெருக்கிகளை அதே பலகையில் வைக்கலாகாது. பலகையின் சமமட்டத்தைக் கொத்தனாரின் ரசமட்டம் கொண்டு பார்த்துக்கொள்க. நமது குவார்ட்டர்ஸில் நூறு ரூபாய்க்குள் இந்த ஏற்பாட்டை முடித்த அன்பர் உண்டு. பலகை மட்டும் அவர் வீட்டுப் பழைய கட்டிலுடையது.

மழைக்காலம் வருகிறது. தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். சுவரோடு சுவராக இல்லாமல் நான்கு விரற்கடை காற்றுக்கு இடம் விடுங்கள். இல்லையேல் உறையில் பூஞ்சணம் பிடிக்கும். கோடை விடுமுறைக்கு ஊர் சென்று வருவோர் அங்கிருந்து தட்டுகள் கொணர்வதாயின், ஒவ்வொன்றுக்கும் இடையே காகிதம் வைத்து, கட்டினைப் பழம்புடவையால் சுற்றி, கைப்பெட்டியில் நிற்கவைத்துக் கொணர்க. 78 தட்டுகளைச் சரக்குப் பெட்டியில் போடுவதை நாம் சிபாரிசு செய்யோம். இதனை ரயில்வேக்காரராகவே கூறுகிறோம்.

ஊசியின் பாரத்தை அளக்கும் சிறு தராசு ஒன்றும், 78 ஊசி ஒன்றும் சங்க நூலகத்து அலமாரியில் வைத்திருக்கிறோம். ஊசி, மேலே கூறிய ஆடியோ-டெக்னிகா கார்ட்ரிட்ஜுக்கு மட்டுமே பொருந்தும். பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துச் சென்று மூன்று நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டுகிறோம். தட்டுகளின் பட்டியலை எழுதிக் கொணர்வோர்க்கு, எவை 78, எவை எல்.பி. என்று பிரித்துப் பார்ப்பதில் ஞாயிறு மாலைகளில் உதவச் சித்தமாயிருக்கிறோம்.